சுசூகி வினை கறுத்து நின்றுபோனால்: கார்பீன் கழன்றதா?

சுசூகி வினை, அதாவது பல்லேடியம் வினையூக்கியால் இரண்டு அரைல் (பென்சீன் வளையத்) தொகுதிகளை இணைக்கும் வினை, 10 நிமிடத்தில் கறுத்து, தொடக்கப் பொருளின் மாற்றம் 40 சதவீதத்திலேயே நின்றுவிட்டது என்றால் பல்லேடியம் பெரும்பாலும் தன்னைப் பிடித்திருக்கும் ஈந்தணைவியான கார்பீனை இழந்து உலோகமாகத் திரண்டிருக்கும். கார்பீன் பிணைந்த பல்லேடியம் வினையூக்கியான பெப்சி-ஐபிஆரைக் (PEPPSI-IPr) கூட்டிப் போடுவதால் தீராது.

கார்பீன் பிணைப்பு வலுவானது, கழலாது என்று நம்பித்தான் பலரும் சிக்குகிறோம். 4-குளோரோஅனிசோலின் அரைல் தொகுதி பல்லேடியத்தில் ஏறிய பிறகு போரான் சேர்மத்திலிருந்து வரவேண்டிய இரண்டாவது அரைல் வந்துசேரத் தாமதமானால், முதல் அரைல் அருகிலுள்ள கார்பீனோடேயே இணைந்து இமிடசோலியம் உப்பாக வெளியேறக்கூடும். ஈந்தணைவி போய்விட்ட பல்லேடியம் திரள்கிறது.

1. வினைக்கலவையில் ஒரு துளியை நேர்மின் அயனி நிறைநிறமாலையில் பாருங்கள். m/z (நிறை/மின்னூட்ட விகிதம்) 495.3-இல் உச்சி தெரிந்தால் அரைல் கார்பீனோடு இணைந்து வெளியேறுவதுதான் நடக்கிறது. 389.3 மட்டும் என்றால் கார்பீன் புரோட்டான் ஏற்றுப் பிரிந்திருக்கிறது.

2. கரைப்பானை உறையவைத்து, வெற்றிடமிட்டு, உருக்கி 3 சுற்று ஆக்சிஜன் நீக்கி மறுபடி ஓட்டுங்கள்.

3. பிறகும் கறுத்தால் டயாக்சேன், பொட்டாசியம் கார்பனேட்டை விட்டு ஐசோபுரோப்பனால், பொட்டாசியம் டெர்ட்-பியூட்டாக்சைடுக்கு மாறுங்கள். அறை வெப்பமே போதும். சூடு குறைந்தால் சிதைவும் குறையும். எஸ்டர் உள்ள மூலக்கூறுக்கு மட்டும் இந்தக் காரம் வேண்டாம்.

பாதரசத் துளிச் சோதனையை (பாதரசம் சேர்த்தால் வினை நிற்கிறதா என்று பார்ப்பதை) மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கரைந்திருக்கும் பல்லேடியம் அணைவையும் பாதரசம் தாக்கலாம். வினை நின்றாலும் வினையூக்கி உலோகத்துகள்தான் என்று ஆகிவிடாது.