மலையிடுக்கில் இறங்குமுன்: பயணக் கேள்வி பதில்

கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் மலையிடுக்குகளில் நடந்து வந்த அனுபவத்தைச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எனக்கு 61 வயது. ஆண்டுக்கு மூன்று முறையாவது தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறிவிடுவேன். ஜெர்மனியில் இருக்கும் மகன் அடுத்த ஆண்டு கிரீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறான். சமரியா மலையிடுக்கை என்னால் முழுமையாக நடக்க முடியுமா?
— மதுரை, கே.கே. நகர் வாசகர்

பதில்: சதுரகிரி ஏறுகிறவர் மூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, முழங்காலைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். நம் மலைகளில் முதலில் ஏறுகிறோம், பிறகு இறங்குகிறோம். பாதி வழியில் முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம் என்ற தைரியம் எப்போதும் நம் பக்கம் இருக்கிறது. சமரியாவில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. ஓமலோஸ் சமவெளியின் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,230 மீட்டர் உயரத்தில் உள்ள ஸிலோஸ்கலோ என்ற இடத்தில் நுழைந்து, 16 கிலோமீட்டர் நடந்து, லிபியக் கடலோரத்தில் அயா ரூமெலி என்ற சிற்றூரில் வெளியே வருகிறோம். அந்த இறக்கத்தின் மிகச் செங்குத்தான பகுதி முதல் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. காலைக் குளிரில், பைன் மரங்களின் வாசனையில், பேசிக்கொண்டே அதை இறங்கிவிடுவீர்கள். அதற்குப் பிறகுதான் தொடை நடுங்கத் தொடங்கும். அந்த நேரத்தில் திரும்பிப் போக நினைத்தால் இறங்கிய அத்தனையையும் ஏறியாக வேண்டும். முன்னேயோ இன்னும் 12 கிலோமீட்டர் கூழாங்கல் பாதை இருக்கிறது. வழியில் சாலை கிடையாது. காலைச் சுளுக்கிக்கொண்டவர்களைக் காவலர்கள் கோவேறு கழுதையில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

ஆகவே இப்போதிருந்தே இறக்கத்திற்குப் பழகுங்கள். அழகர்கோவிலில் நூபுர கங்கை வரை வண்டியில் ஏறிச் சென்று, ராக்காயி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கீழே நடந்தே வாருங்கள். இதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. ஏற்றத்தில் அதற்கு இந்த வேலை இல்லை. இறங்கிய மறுநாள் மாடிப்படியில் கால் வைக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். பழக்கப்பட்ட தசைக்கு அந்த வலி வெகுவாகக் குறையும். கிளம்புவதற்கு முன்னால் கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். காலணியில் பெருவிரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நான் இதை அலட்சியப்படுத்தியதால் என் இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன.

முழு நடைக்கு ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். வழியில் ஊற்று நீர் கிடைப்பதால் ஒரு பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்துக்கொள்ளலாம். நுழைவுச் சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். உள்ளே யாரும் தங்கிவிடவில்லை என்பதை உறுதிசெய்ய, வெளியேறும் வாசலிலும் அதைக் கேட்பார்கள். ஏழாவது கிலோமீட்டர் வாக்கில் வருகிற சமரியா என்ற பழைய கிராமம்தான் நல்ல இளைப்பாறும் இடம். 1962இல் இந்த இடுக்கைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அங்கிருந்த குடும்பங்களை வெளியே குடியமர்த்திவிட்டார்கள். கல் வீடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. க்ரி-க்ரி எனப்படும் காட்டு ஆடுகள் மற்ற இடங்களில் மனிதரைக் கண்டால் ஓடிவிடும்; இங்கே மட்டும் உங்கள் பையின் பக்கமே வந்து நிற்கும். அழகர்கோவில் குரங்குகளிடம் தேங்காய்ப் பையைப் பறிகொடுத்தவர்களுக்கு மேற்கொண்டு எச்சரிக்கை தேவையில்லை. அவற்றுக்குத் தீனி போடக் கூடாது என்பது பூங்காவின் விதி.

பலர் படத்தில் பார்த்து மயங்குகிற "வாயில்கள்" பதினோராவது கிலோமீட்டருக்கு அருகில்தான் வருகின்றன. ஏறக்குறைய 300 மீட்டர் உயரமுள்ள இரண்டு சுவர்கள் நான்கு மீட்டர் அளவுக்கு நெருங்கி வருகின்றன; நடுவில் ஓடை, அதன் மேல் மரப்பலகைகளைப் பரப்பிய நடைபாதை. நான் போனபோது பலகைகளுக்கு அடியில் தண்ணீர் சலசலத்தது, தலைக்கு மேலே வானம் ஒரு முழம் துணி அளவுக்குத் தெரிந்தது. களைப்பின் உச்சத்தில் இந்த இடத்துக்கு வருவதால் படம் எடுத்துவிட்டுக் கடந்துவிடுகிறவர்களே அதிகம்.

முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் என் யோசனை வேறு. ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற தென்கரை ஊரிலிருந்து படகில் அயா ரூமெலிக்குச் சென்று, கீழ்வாசல் வழியாக நான்கு, ஐந்து கிலோமீட்டர் மேல்நோக்கி நடந்தால் அந்த வாயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். இதைச் சோம்பேறிகளின் வழி என்று கேலி செய்வார்கள். கேலியை மகனிடம் விட்டுவிட்டு நீங்கள் பார்க்க வேண்டியதைப் பாருங்கள்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் கணவர், பதினொரு வயது மகள் ஆகியோருடன் செல்ல நினைக்கிறோம். ஒரே நாள்தான் ஒதுக்க முடியும். குழந்தையும் நடக்கக்கூடிய இடுக்கு உண்டா?
— திருமங்கலம் வாசகி

பதில்: இம்ப்ரோஸ் இடுக்குக்குப் போங்கள். 8 கிலோமீட்டர்தான், மெல்லிய இறக்கம், இரண்டு, மூன்று மணி நேரத்தில் கொமிதாதெஸ் கிராமத்தில் வெளியே வந்துவிடலாம். மிகக் குறுகிய இடத்தில் இரு சுவர்களுக்கும் இடையே இரண்டு மீட்டர்கூட இல்லை. உங்கள் மகள் கைகளை விரித்து, இரு பக்கமும் தொட்டுவிட முயன்று பார்ப்பாள். சமரியாவைப் போல வழியெங்கும் ஊற்றுகள் இல்லாததால் தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

அங்கே நடக்கும்போது மகளுக்குச் சொல்ல ஒரு கதையும் உண்டு. 1941 மே மாதம் ஜெர்மானியப் படை வான்வழியாகக் கிரீட்டில் இறங்கியபோது, தோற்றுப் பின்வாங்கிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் மலைகளைக் கடந்து தென்கரைக்கு வந்ததும், ஹோரா ஸ்ஃபாகியோனில் கப்பல்கள் அவர்களில் பலரை இரவோடு இரவாக ஏற்றிச் சென்றதும் இந்தப் பக்கத்தில்தான். எல்லாருக்கும் கப்பலில் இடம் கிடைக்கவில்லை, எஞ்சியவர்கள் சிறைப்பட்டார்கள்.

மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவது நல்லதாகப் போயிற்று. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சமரியாவை மே முதல் அக்டோபர் வரைதான் திறந்து வைக்கிறார்கள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, மேலே பெய்கிற மழை இடுக்குக்குள் வெள்ளமாக வரும். மழை அறிகுறி தெரிந்தால் சதுரகிரியில் வனத்துறை அனுமதி மறுப்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் கிரானைட் பாறைதான். ஆனால் யானைமலையிலோ அதைச் சுற்றியுள்ள குன்றுகளிலோ இப்படிப்பட்ட இடுக்குகள் ஏன் இல்லை?
— மேலூர் வாசகர், பள்ளி ஆசிரியர்

பதில்: ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி. நம் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை, இறுகியவை, மழைநீரில் கரைவதில்லை. வெயிலிலும் மழையிலும் வெங்காயத் தோல்போல அடுக்கு அடுக்காக உரிந்து, காலப்போக்கில் உருண்டு திரண்ட மொட்டைப் பாறையாக நிற்கின்றன. ஒத்தக்கடையிலிருந்து யானைமலையைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிரீட்டின் மேற்குப் பகுதி மலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, கல்லின் விரிசல்களில் புகுந்து அவற்றை அகலப்படுத்துகிறது. இது பாதிக் காரணம். மறுபாதி, அந்தத் தீவே உயர்ந்துகொண்டிருக்கிறது என்பது. ஆப்பிரிக்கக் கண்டத்தட்டு வடக்கே நகர்ந்து தீவின் அடியில் புகுவதால் நிலம் மேலே தள்ளப்படுகிறது. கி.பி. 365இல் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மேற்குக் கரையின் சில பகுதிகள் 9 மீட்டர் வரை உயர்ந்தன. பழைய கடல் மட்டம் உரசிய கோடு இன்று கரைப்பாறைகளில் ஆள் உயரத்துக்கும் மேலே தெரிகிறது. அரிவாள்மனையை நினைத்துக்கொள்ளுங்கள்: அரிவாள் அசைவதில்லை, காயைத்தான் அதன்மேல் அழுத்துகிறோம். ஆறு தன் மட்டத்திலேயே அரித்துக்கொண்டிருக்க, மலை அதன்மீது உயர்ந்து வந்து அறுபடுகிறது. அறுப்பு வேகமாக நடப்பதால் பக்கச் சுவர்கள் சரிந்து அகலமாகக் காலம் போதுவதில்லை. இடுக்கு இடுக்காகவே நிற்கிறது.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?
— உசிலம்பட்டி வாசகி

பதில்: கவலையே வேண்டாம். கிரேக்கத் திருச்சபையினர் ஆண்டில் பல நாட்கள் இறைச்சியும் பாலும் விலக்கி விரதம் இருப்பவர்கள். "நிஸ்திசிமோ" என்று கேட்டால் விரத உணவு என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் விரதத்தில் இறால், கணவாய் போன்றவற்றுக்கு விலக்கு இல்லை, அவை வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். ஹோர்தா என்பது நம் கீரைதான், வேகவைத்து ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்டுத் தருவது. டாகோஸ் என்பது பார்லி ரஸ்க்கின் மேல் துருவிய தக்காளியும் பாலாடைக்கட்டியும் பரப்பிய பண்டம். ரஸ்க் தக்காளிச் சாற்றில் ஊறி, மேலே மெத்தென்றும் அடியில் கடக்கென்றும் இருக்கும். இன்னொன்றிலும் எச்சரிக்கை: சோற்றைக் கண்டதும் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். கிரீட்டின் விருந்துச் சோற்றை இறைச்சி வேகவைத்த சாற்றில்தான் சமைக்கிறார்கள்.

கேள்வி: விசா எப்போது விண்ணப்பிக்க வேண்டும்?
— மதுரை, அண்ணா நகர் வாசகர்

பதில்: கிரீஸ் ஷெங்கன் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: சமரியாவை நடந்து முடித்தபின் மாலைப் படகைத் தவறவிட்டால் என்ன செய்வது?
— சோழவந்தான் வாசகர்

பதில்: அயா ரூமெலிக்குச் சாலை இல்லை, படகு போய்விட்டால் அன்றிரவு அங்கேதான். தங்கும் அறைகள் இருக்கின்றன. முன்பதிவு செய்துகொண்டு, வேண்டுமென்றே படகை விட்டுவிடச் சொல்வேன். ஐந்தரை மணிவரை சந்தைபோல இருந்த ஊர், படகு நகர்ந்ததும் உணவுக்கடைக்காரர்களும் நாலைந்து பூனைகளும் மட்டுமாகிவிடுகிறது. வீங்கிய காலோடு கடலில் இறங்கி உட்காருங்கள். கரையில் இருப்பது மணல் அல்ல, கூழாங்கல். பகல் வெயிலை அது இருட்டும்வரை விடாமல் வைத்திருக்கும் என்பதால், பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கட்டும்.