செவ்வரத்தை தின்ற பூனையும் வெள்ளை உருண்டையும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "டொக்டர், வாசலில் நிற்கிற செவ்வரத்தைப் பூவை எங்கள் பூனைக்குட்டி கடித்துத் தின்கிறது. லொறியில் பூக்கன்று விற்க வருபவர் அது பூனைக்கு நஞ்சு என்றும், கன்றைச் சுற்றிப் பூச்சி உருண்டை போட்டால் பூனை கிட்ட வராது என்றும் சொன்னார். போட்டிருக்கிறேன். கன்றை வெட்டிவிடவா? மாமி பிள்ளையாருக்கு அந்தப் பூவைத்தான் வைக்கிறவ."

வெட்ட வேண்டாம். நம் வளவுகளில் நிற்கிற சிவப்புச் செவ்வரத்தை பூனையைக் கொல்லாது. கனக்கத் தின்றால் வாந்தி எடுக்கலாம், வயிறு கொஞ்சம் இளகலாம். அவ்வளவுதான்.

நஞ்சு, நீங்கள் கன்றைச் சுற்றிப் போட்டதில்தான் இருக்கிறது. அலுமாரிக்குள் வைக்கிற அந்த வெள்ளை உருண்டையில் நப்தலீன் இருக்கும். குட்டி அதை உருட்டி விளையாடி விழுங்கினால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும், ஈரலும் கெடும். இப்படியான சாமான்களை முறித்து வெளியேற்றுகிற வலு பூனையின் ஈரலுக்குக் குறைவு. மனிதருக்குக் கொடுக்கிற 500 மில்லிகிராம் பனடோல் குளிசை ஒன்றே பூனையைக் கொல்வதும் அதனால்தான். வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் உருண்டைகளை எண்ணிக்கொண்டே பொறுக்கி எறியுங்கள்.

லொறிக்காரரிடம் நான் கேட்க விரும்புவது வேறு. செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி பிடிக்கும், அதற்கு மருந்தடிப்பார்கள். என்ன மருந்து, எப்போது அடித்தது? கேட்டுப் பாருங்கள், சிரித்துவிட்டு விலையைக் குறைப்பார். பிஸ்கட் பக்கெற்றில் இருக்கிற விபரம்கூடப் பூச்சாடியில் இல்லை. அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையும் இல்லை. புதிதாக வாங்கிய கன்றைச் சில கிழமைகளுக்குப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பூக்களில் நான் உண்மையாகப் பயப்படுவது லில்லிக்கு. நம் ஊரில் மழைக்குப் பூக்கிற சின்னப் பூவிலிருந்து குளத்து அல்லிவரை எல்லாவற்றையும் லில்லி என்றுதான் சொல்கிறோம், அதுதான் தொல்லை. நான் சொல்வது கலியாண மேடையிலும் தேவாலயப் பீடத்திலும் வைக்கிற, ஆறு இதழ் விரிந்த பெரிய பூ. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தம் சட்டையில் பட்டால் கறை போகாது. அந்த மகரந்தம் மயிரில் ஒட்டி, பூனை தன்னை நக்கினாலே போதும். சாடித் தண்ணீரைக் குடித்தாலும் அதே கதிதான். முதலில் வாந்தி, பிறகு சோர்வு. இடையில் தேறியது மாதிரி இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும். சேலைன் ஏற்றுவதை முதல் 18 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. விழாவுக்குப் போய்வந்து மீந்த பூவை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்களே, பூனை இருந்தால் அந்தப் பூவை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

18 மணித்தியாலம் என்று எழுதுவது சுகம். சனிக்கிழமை பின்னேரம் பூனையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று அமைத்த சேவையில் பூனை எப்போதும் வரிசையின் கடைசி. ஆகவே இரண்டு மிருக வைத்தியர்களின் தொலைபேசி எண்ணை இன்றைக்கே எழுதி வையுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும்.

உங்கள் குட்டிக்கு இப்போது வைத்தியம் எதுவும் தேவையில்லை. பொறுக்கிய உருண்டைகளின் எண்ணிக்கையைப் போட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும், குட்டியின் பல் முரசு வெளிறினாலும் உடனே கொண்டுபோங்கள்.