இம்பாக்ட் டிரைவர்: கேட்டதும் சொன்னதும்

ஸ்க்ரூ முடுக்கும் மெஷினான, பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரைவர் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. மரச்சட்டம், கூரைத் தகடு, அலமாரி என்று எல்லாவற்றிலும் இதை வைத்து வேலை செய்திருக்கிறேன், கொஞ்சம் கெடுத்தும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அண்ணா, என்னிடம் பேட்டரி டிரில் இருக்கிறது. அதிலேயே ஸ்க்ரூ முடுக்கலாமே, இது எதற்குத் தனியாக?

சின்ன ஸ்க்ரூ என்றால் டிரில்லே போதும். நீளமான ஸ்க்ரூ கெட்டி மரத்தில் பாதி இறங்கியதும்தான் வித்தியாசம் தெரியும். டிரில் ஒரே சீராக முறுக்கும். ஸ்க்ரூ நின்றுவிட்டால் அந்த முறுக்கு திரும்பி உங்கள் மணிக்கட்டுக்கு வரும். இம்பாக்ட் டிரைவருக்குள்ளே ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிச் சுத்தியல் இருக்கிறது. தடை குறைவாக இருக்கும்வரை அது பிட்டோடு, அதாவது ஸ்க்ரூ தலையில் பொருந்தும் முனையோடு, சேர்ந்து சும்மா சுற்றும். தடை ஏறியதும் பின்வாங்கி, நழுவி, மறுபடி பாய்ந்து சுற்றும் திசையில் அடிக்கும். நிமிடத்துக்கு 3000, 4000 அடி. காதில் விழும் டகடக சத்தம் அதுதான்.

இறுகிப்போன நட்டு ஸ்பேனரை அழுத்தினால் நகராது, ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் தட்டினால் நகரும் இல்லையா? அதே வித்தை. 18 வோல்ட் டிரில்லில் சாதாரணமாக 50, 60 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை இருக்கும். அதே 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவரில் 150 முதல் 200 வரை. ஆனாலும் கையை முறுக்காது.

அவ்வளவு வேகமாக அடிக்கிறதே, கான்கிரீட் சுவரில் துளை போடலாமா சார்?

கூடாது. ஹாமர் டிரில் முன்னும் பின்னுமாக இடிக்கும், அதனால் கல் உடையும். இது சுற்றும் திசையில் மட்டும்தான் அடிக்கும். துளையை ஹாமர் டிரில்லில் போட்டுவிட்டு, கான்கிரீட் ஸ்க்ரூவை இதில் முடுக்குங்கள், அருமையாக இறங்கும். அறுகோணத் தண்டு உள்ள பிட் கிடைத்தால் மரத்திலும் மெல்லிய தகட்டிலும் சிறு துளைகள் போடலாம்.

வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. மூன்று பிட் உடைந்தது, ஸ்க்ரூ தலைகள் எல்லாம் வழுவழுவென்று தேய்ந்துவிட்டன. மெஷினில் கோளாறா?

மெஷினைத் திட்டாதீர்கள். முதலில் பிட்டைப் பாருங்கள். சாதாரண பிட் இந்த அடிக்குத் தாங்காது. இம்பாக்ட் வேலைக்கென்றே விற்கும் பிட்டின் நடுப்பகுதி மெலிந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் துளி முறுக்கிக்கொடுத்துத் திரும்பும், அதனால் நுனி தப்பிக்கும்.

அடுத்து பொருத்தம். கூட்டல் குறி போட்ட தலையெல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். பிலிப்ஸ் வேறு, போஸிடிரைவ் வேறு. கூட்டல் குறியின் இடைவெளிகளில் மெல்லிய கோடுகள் இன்னும் நான்கு தெரிந்தால் அது போஸிடிரைவ். அதில் பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் ஆடும், ஆடினால் தேயும். நட்சத்திரத் தலை, அதாவது டார்க்ஸ் ஸ்க்ரூ கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். நான் மாறியபின் பிட் வாங்குவதே குறைந்துவிட்டது.

மூன்றாவது, கை. மெஷினின் முதுகில் உள்ளங்கையை வைத்து ஸ்க்ரூவுக்கு நேர்கோட்டில் அழுத்துங்கள். சுவிட்சை மெல்லத் தொட்டு ஆரம்பியுங்கள், நாலு மரை பிடித்தபின் வேகம் கூட்டலாம். டகடக ஆரம்பித்ததும் இன்னும் நன்றாக அழுத்த வேண்டும். நிறையப் பேர் அந்த நேரத்தில்தான் கையைத் தளர்த்துகிறார்கள்.

பெட்டியில் வந்த அலமாரியைப் பொருத்த இது சரியா?

பார்ட்டிகல் போர்டு, அதாவது மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை என்றால் வேண்டாம். என் வீட்டு அலமாரியிலேயே பட்டிருக்கிறேன். கீல் ஸ்க்ரூ ஒன்று இறுகியதும் ‘டக்’ என்று ஒரே ஒரு அடி விழுந்தது. உள்ளே மரை பிய்ந்து, ஸ்க்ரூ சும்மா சுற்ற ஆரம்பித்தது. பிறகு பல்குச்சியையும் பசையையும் துளையில் திணித்துச் சமாளித்தேன். டிரில்லில் எண் போட்ட கிளட்ச் வளையம் இருக்கிறது, குறைந்த எண்ணில் வைத்தால் இறுகியதும் நழுவிக்கொள்ளும். இம்பாக்ட் டிரைவரில் பெரும்பாலும் அது இல்லை. உங்கள் விரல்தான் கிளட்ச். கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடுக்குங்கள்.

கூரைத் தகட்டுக்கு ரப்பர் வாஷர் ஸ்க்ரூ அடித்தோம். மழையில் ஒழுகுகிறது. இன்னும் இறுக்கட்டுமா?

ஐயோ, ஏற்கெனவே அதிகமாகத்தான் இறுக்கியிருப்பீர்கள்! ரப்பர் நசுங்கி உலோக வாஷரின் ஓரத்துக்கு வெளியே பிதுங்கியிருந்தால் அந்த வாஷர் வீண், புது ஸ்க்ரூவே போடுங்கள். ரப்பர் ஓரத்தை எட்டிப் பார்க்கும் அளவில் நிறுத்த வேண்டும். ஸ்க்ரூ சாய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். அப்புறம், தானே துளைக்கும் ஸ்க்ரூவை இரும்பில் முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். நுனி சூடேறி மழுங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுக்கும் அதே நிதானம் வேண்டும். வேகமாக ஓட்டினால் மரையும் மரையும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கார் சக்கர நட்டு கழற்றலாமா?

அதற்கு அரை அங்குலச் சதுர முனை கொண்ட இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கிறது. இதன் கால் அங்குல அடாப்டர் முறுக்கில் உடையலாம். எதில் கழற்றினாலும், திருப்பி மாட்டும்போது கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில்தான், அதாவது முறுக்கின் அளவைக் காட்டும் ரெஞ்சில்.

18 வோல்ட், 20 வோல்ட், எது பலம்?

இரண்டும் ஒன்றுதான். உள்ளே ஐந்து செல்களின் வரிசை. ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, சார்ஜ் நிறைந்த நேரத்துக் கணக்கில் 20. பெட்டியில் எந்த எண்ணை அச்சடிப்பது என்பது கம்பெனியின் விருப்பம்.

குழந்தை தூங்கும் நேரத்தில் ஓட்டலாமா?

முதலில் உங்கள் காதுக்கு அடைப்பான் போடுங்கள். மூடிய அறைக்குள் இது காதைக் கெடுக்கும் அளவுக்கு இரையும். எண்ணெய்க்குள் சுத்தியல் இயங்கும் ஹைட்ராலிக் வகை ஒன்று உண்டு. பலம் சற்றுக் குறைவு, சத்தம் நன்றாகவே குறைவு. ஆனால் தொட்டில் அதே அறையில் என்றால் அதுவும் வேண்டாம், பழைய கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுங்கள்.