முடிக்கொத்து நோய் வந்த வாழையை மருந்து அடித்துக் காப்பாற்ற முடியுமா?

முடிக்கொத்து நோய் கண்ட வாழைக்கு எந்த மருந்து அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இது வைரஸால் வரும் நோய். அந்த மரத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை; தோப்பைக் காப்பாற்றத்தான் வழி இருக்கிறது.

தாவர உயிரணுவைச் சுற்றித் தடித்த சுவர் இருப்பதால் வைரஸ் தானாக உள்ளே புக முடியாது. காயமோ, சாறு உறிஞ்சும் பூச்சியின் ஊசிவாயோ வழி திறந்துவிட வேண்டும். இந்த நோயில் அந்த வேலையைச் செய்வது, மட்டை இடுக்கிலும் கன்றின் குருத்திலும் அடையும் கரும்பழுப்பு நிற வாழை அசுவினி. உள்ளே சென்ற வைரஸ், உணவைக் கடத்தும் திசுவில் பெருகிக் கிழங்குக்கு இறங்கி, அதிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகளுக்கும் பரவிவிடுகிறது. பூச்சிமருந்து அசுவினியைக் கொல்லுமே தவிர, திசுவுக்குள் இருக்கும் வைரஸைத் தொடாது.

நான் முதன்முதலாக மலைவாழை வைத்தபோது, பார்வைக்குச் செழிப்பாக இருந்ததை நம்பி, தெரிந்தவர் தோப்பிலிருந்து கன்றுகளை வாங்கி நட்டேன். சில மாதங்களில் ஓர் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து அடிப்புறத்தைப் பார்த்தபோது, கிளைநரம்புகளில் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக ஓடி, நடுநரம்பை ஒட்டிக் கொக்கிபோல வளைந்திருந்தது. அதன் பிறகு வந்த இலைகள் ஒவ்வொன்றும் குறுகி, நிமிர்ந்து, ஓரம் மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நின்றுவிட்டன. அந்த மரங்கள் தார் தள்ளவே இல்லை. சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் பெயர்பெற்ற மலைவாழைத் தோப்புகளை அழித்தது இதே நோய்தான்.

ஆகவே அந்தப் பச்சைக் கோடு தென்பட்ட அன்றே மரத்தை எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொல்லாவிட்டால், அது பக்கத்து மரத்துக்கு நகர்ந்துவிடும். கிழங்கை மிச்சமின்றித் தோண்டித் துண்டுதுண்டாக நறுக்காவிட்டால், விட்ட துண்டிலிருந்து நோயோடு கன்று முளைக்கும். ஒருவர் மட்டும் இதைச் செய்வதால் பயனில்லை. 1920களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வடபகுதியில் வாழைச் சாகுபடியே நொடித்துப்போனபோது, அசுவினிதான் நோயைப் பரப்புகிறது என்பதை மேகீ என்ற ஆய்வாளர் நிறுவினார். தோட்டந்தோறும் ஆய்வு, நோயுற்ற மரத்தைக் கட்டாயமாக அகற்றுதல், நோயற்ற கன்று ஆகியவற்றைச் சட்டத்தின் துணையோடு நடைமுறைப்படுத்திய பிறகே சாகுபடி மீண்டது.

மறுநடவுக்குத் திசு வளர்ப்புக் கன்று, அதாவது தாய்மரத்தின் திசுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த கன்று, நல்லது. ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்காமல், தாய்மரத்துக்கு வைரஸ் சோதனை செய்த சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.