சூரியன் வந்துவிட்டார், வசந்தம் எங்கே?

கேள்வி: ஐயா, என் மகள் நார்வேயில் திரோம்சோ என்ற ஊரில் படிக்கிறாள். பொங்கலன்று அங்கே சூரியனே இல்லையாம். ஹாஸ்டலில் ரைஸ் குக்கரில் பொங்கல் வைத்தாள். ஒரு வாரம் கழித்து "சூரியன் வந்துட்டாரும்மா!" என்று படம் அனுப்பினாள். இப்போது மார்ச். இன்னும் முட்டியளவு பனி என்கிறாள். வெயில் வந்தும் ஏன் அப்படி?
— வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, படத்தில் மகள் கையில் உருண்டையாக ஒரு பன் இருந்ததா? ஜனவரி 21 அந்த ஊரில் சூரிய நாள். ஜாம் வைத்துப் பொரித்த பன்னுக்குச் சூரிய பன் என்று பேர் வைத்துத் தின்பார்கள். நவம்பர் கடைசியில் போகிற சூரியன், கணக்குப்படி நம் பொங்கல் சமயத்திலேயே அடிவானத்துக்கு வந்துவிடுகிறார். மலை மறைப்பதால் ஊருக்குள் தெரிய இன்னும் ஒரு வாரம்.

ஆனால் வருகிறவர் வெறுங்கையோடுதான் வருகிறார். பகல் நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும். மார்ச் 20 வாக்கில் நம்மைப் போலவே 12 மணி நேரம். இருந்தும் வெயிலில் பெரும்பகுதியைப் பனி வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் உருக்குவதற்கே சரியாகப் போகும். 0 டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ ஐஸைத் தண்ணீராக்கும் வெப்பத்தை அந்தத் தண்ணீருக்கே மறுபடி கொடுத்தால், 80 டிகிரிக்குச் சூடாகிவிடும்! அவ்வளவு விழுங்கும் ஐஸ். திரோம்சோவில் பனி மிக உயரமாகக் கிடந்ததே 1997 ஏப்ரல் 29 அன்றுதான்: 240 செ.மீ. என்னை அதில் நிறுத்தினால் தலைக்கு மேல் இன்னும் இரண்டடி.

நானும் ஏமாந்தவன்தான். கப்பலில் இருந்த காலத்தில், இரும்புத்தாது ஏற்ற நார்விக் துறைமுகத்துக்கு ஒரு மார்ச்சில் போனேன். கண் கூசும் வெயில், கூரை ஓரமெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஆகா, வசந்தம் என்று சாதா ஷூவில் கடைக்குக் கிளம்பினேன். இருட்டித் திரும்பும்போது, பகலில் உருகியதெல்லாம் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. விழுந்த விழுகையில் ஒரு டஜன் முட்டையும் போச்சு. என்னைத் தாண்டி ஒரு கிழவி, ஷூவில் ஆணிப்பட்டை மாட்டி டக் டக்கென்று நடந்து போனார். மகளிடமும் அந்தப் பட்டை இருக்கும். இப்போதைக்குக் கழற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வழுக்காமலிருக்க நடைபாதையில் சரளைக்கல் தூவியிருப்பார்கள். பனி உருகி அந்தக் கல்லைக் கூட்டி அள்ள வண்டி வருமே, அதுதான் அங்கே வசந்தம். பூவெல்லாம் அப்புறம். பிர்ச் மரம் துளிர்க்க மே கடைசி ஆகிவிடும். அதற்குள், மே 20 வாக்கிலேயே, சூரியன் மறைவதை நிறுத்திவிடுவார். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: பினாங்குக்கு ஏன் வசந்தம் வருவதில்லை?
— ஆறாம் ஆண்டு மாணவன், ஆயர் ஈத்தாம்

பதில்: தம்பி, நாம் பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஆண்டு முழுக்கப் பகல் நேரம் அரை மணிக்குச் சற்று மேல்தான் கூடிக் குறையும். சூரியன் போனால்தானே வருவதற்கு! வேண்டுமானால் ஜூனில் அப்பாவை பாலிக் புலாவுக்குக் கூட்டிப்போகச் சொல். டுரியான் விழுகிற சத்தம் கேட்கலாம்.