மாஞ்சோலையில் மூட்டம் மட்டும்தான் தெரிந்தது, மறுபடி போகலாமா?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியை. போன பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு மாஞ்சோலை வழியாகக் குதிரைவெட்டி வரை போயிருக்கிறார். போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. எங்கு பார்த்தாலும் வெள்ளை மூட்டம், பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இருபது நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம். “எட்டு வயசும் பதினொரு வயசுமாக இரண்டு பிள்ளைகள், மறுபடி கூட்டிப் போகச் சொல்கிறார்கள். மாமாவுக்கு எழுபது வயது. ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அத்தைக்கு முழங்கால் வலி. எந்த மாதம் போனால் நன்றாகத் தெரியும்? அனுமதி எப்படி வாங்குவது? ரத்தம் உறிஞ்சுகிற அட்டைக்கு என்ன செய்வது?” என்று கேட்கிறார்.

அம்மா, கட்டாயம் மறுபடி போங்கள். போன தடவை நீங்கள் எதையும் பார்க்காமல் வந்துவிடவில்லை. பார்க்க வேண்டியதற்கு நடுவிலேயே நின்றிருக்கிறீர்கள், இதுதான் அது என்று பக்கத்தில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இருபது வருஷமாக மாணவர்களை அந்த மலைக்குக் கூட்டிப் போகிறேன். ‘வியூ பாயிண்ட்’டில் ஒன்றும் தெரியவில்லை என்று முகம் வாடித் திரும்புகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய் நிறுத்தி வைக்கலாமா என்று இருக்கும்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் 1,000 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்குள் இருக்கின்றன. காலையில் வெயில் ஏற ஏற அடிவாரத்துக் காற்று சூடாகிச் சரிவில் மேலே ஏறும். உயரம் கூடக் கூடக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பொடித்துளியாக மாறிவிடும். பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து புகைபோல எழும்பி வருவது அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை வேறு. அப்போது மேற்கே கேரளப் பக்கத்திலிருந்து மேகமே முகட்டைத் தாண்டி வழிந்து நம் பக்கம் இறங்கும். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மலை இது. காக்காச்சியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. பாளையங்கோட்டையில் பெய்வதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு.

இந்தக் கணக்கில் சேராத தண்ணீர் ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூட்டம் நன்றாகக் கவிந்து, ஆனால் மழை பெய்யாமல் இருக்கிற நேரம் பார்த்து, காடு ஓரமாக வருகிற இடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்துங்கள். ரோட்டைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். வானம் திறந்திருக்கிற இடத்தில் ரோடு காய்ந்து கிடக்கும். மரம் கவிந்த இடத்தில் மட்டும் நனைந்து கருத்திருக்கும். அங்கே போய் நின்றால் தலையில் சொட்டும். மழையே இல்லாமல் மரத்தடியில் மட்டும் எப்படிச் சொட்டுகிறது? காற்றில் மிதந்து போகிற மேகத்தை இலையும், கிளையில் மெத்தையாகப் படர்ந்த பாசியும், தொங்குகிற பெரணியும் பிடித்துக்கொள்கின்றன. பொடித்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்ததும் இலைநுனி வழியாகக் கீழே விழுகின்றன. மேகத்திலிருந்து தண்ணீர் பிழிகிற வேலை மரத்துக்கு. மேகக்காடு என்று சொல்வது இதைத்தான்.

வீட்டிலிருந்து பழைய கொசுவலையில் ஒரு கெஜம் வெட்டி எடுத்துப் போங்கள். காற்று வருகிற பக்கமாக இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிஷம் நிற்கட்டும். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கும். அப்புறம் ஒரு தம்ளரில் பிழிந்து பார்க்கலாம். என்னுடன் வந்த ஒரு ஏழாம் வகுப்புப் பையன் அப்படிப் பிழிந்த தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி ஊருக்கே எடுத்து வந்துவிட்டான். நீங்கள் ஆற்றங்கரைக்காரர்கள். அந்தச் சொட்டு மணிமுத்தாறாகி, தாமிரபரணியில் சேர்ந்து, வண்ணார்பேட்டைப் பாலத்துக்கு அடியில் போகிற தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

சரி, எந்த மாதம்? உங்கள் குடும்பத்துக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. காலையில் வானம் திறந்திருக்கும், மதியத்துக்கு மேல் மூட்டம் ஏறும், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அட்டையும் குறைவு. பொங்கல் விடுமுறை மட்டும் வேண்டாம். கூட்டத்துக்கு நடுவில் காடு காதில் விழாது. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் சாரலும் மேகமுமாக இன்னும் அழகுதான், என் மனசுக்குப் பிடித்த மாதங்களும் அவைதான். ஆனால் எழுபது வயதுக்காரரையும் முழங்கால் வலிக்காரரையும் அந்த ஈரத்தில் கூட்டிப் போகச் சொல்லமாட்டேன். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய நினைத்தே பார்க்காதீர்கள். ஒரு நவம்பரில் நான் பிடிவாதமாகப் போய், ரோட்டில் மண் சரிந்து, பதினெட்டு மாணவர்களோடு பாதி வழியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தப்பு என் மேல்தான், வானிலை அறிவிப்பைக் கேட்டுவிட்டும் கிளம்பினேன். 2023 டிசம்பர் 17, 18-ல் மலையில் பெய்தது ஆற்றில் எப்படி இறங்கி வந்தது என்று வண்ணார்பேட்டைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சுக்கு மேல் காட்டுத்தீ பயம், எந்த நேரமும் கேட்டை மூடிவிடுவார்கள்.

அனுமதி விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் கோபம் வராது. இது சுற்றுலாத்தலம் ஆகுமுன்பே புலிகள் காப்பகம். களக்காடு, முண்டந்துறை என்று தனித்தனியாக இருந்த இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து 1988-ல் உண்டாக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். அதனால் மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேலே எத்தனை வண்டி, எந்த வண்டி, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் வனத்துறை சொல்கிறபடிதான். விதிகள் அடிக்கடி மாறும், புலிக் கணக்கெடுப்பு நாட்களில் மூடியும் வைப்பார்கள். போன வருஷம் போனோமே என்ற நம்பிக்கையில் கிளம்பாமல், போகிற வாரத்தில் அம்பை என்கிற அம்பாசமுத்திரத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். எல்லாருடைய ஆதார் நகலும் வண்டியின் ஆர்.சி. நகலும் கையில் இருக்கட்டும். குதிரைவெட்டியில் வனத்துறை ஓய்வு விடுதி இருக்கிறது. அந்தச் சமயத்தில் பொதுமக்களுக்குக் கொடுக்கிறார்களா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்தால் ஒரு ராத்திரி தங்குவது பத்து தடவை போய்வருவதற்குச் சமம். ஆனால் மாமாவுக்கு டாக்டர் சரி என்று சொன்னால் மட்டும். நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கித்தான் வரவேண்டும், போன் சிக்னலையும் நம்ப முடியாது.

வண்டிக்கு வருவோம். தாழ்வான கார் அந்த ரோட்டில் அடி தட்டும். அம்பையில் ஜீப்போ வேனோ, அந்த மலையில் ஓட்டிப் பழகிய டிரைவரோடு பேசிக்கொள்ளுங்கள். “அண்ணாச்சி, எங்களுக்கு ஏழு இடம் வேண்டாம், இரண்டு இடம் போதும், நிற்கிற இடத்தில் நின்றுகொள்கிறோம்” என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் பாவம், வழக்கப்படி எல்லா இடத்தையும் பத்துப் பத்து நிமிஷம் காட்டி இறக்கிவிடுவார். அத்தையை முன் சீட்டில் உட்கார வையுங்கள். காலை நீட்டிக்கொள்ளலாம், கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றலும் குறையும். பிள்ளைகளுக்குக் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள்.

செக்போஸ்ட் திறக்கிற நேரத்துக்கு மணிமுத்தாற்றில் இருங்கள். எங்கும் நிற்காமல் நேரே குதிரைவெட்டிக்குப் போய்விடுங்கள். போன தடவை நீங்கள் செய்ததற்கு நேர்மாறு. காலை வெளிச்சத்தில் கீழே அணைத் தண்ணீர் பளபளக்கும், அதற்கு அப்பால் நம் சமவெளி விரிந்து கிடக்கும். அதைப் பார்த்து முடித்து, பதினோரு மணிவாக்கில் திரும்பி, காக்காச்சிப் பக்கம் காட்டோரமாக இரண்டு மணி நேரம் இருங்கள். ரோட்டை விட்டு இறங்க வேண்டாம், இறங்க அனுமதியும் கிடையாது. அத்தைக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போனால் அவர்தான் எல்லாரையும்விட அதிகம் பார்ப்பார். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில்தான் காடு நடமாடும்.

மூட்டம் ஏறிய பிறகு பைனாகுலரை உள்ளே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். யாரோ ஒரு பையன் பாட்டு மறந்துபோய் விட்டுவிட்டு விசிலடிப்பதுபோலக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. புதரிலிருந்து ‘டிக் டிக் டிக்’ என்று வருவது நகத்தளவுள்ள மரத்தவளை. ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோலத் தலைக்கு மேல் ‘ஹுஸ், ஹுஸ்’ என்று போனால் எல்லாரும் நிமிர்ந்து பாருங்கள். இருவாச்சியின் இறக்கைச் சத்தம் அது. பறவை தெரியாமல் சத்தம் மட்டும் போனாலும் அது வரவுதான்.

பிப்ரவரியில் போனால் வெடிப்பலாவைக் காட்டச் சொல்லி டிரைவரிடமோ வனக்காவலரிடமோ கேளுங்கள். நல்ல உயரமான மரம். முள்முள்ளாகப் பலாப்பிஞ்சுபோலக் காய்க்கும், முற்றியதும் வெடித்துக் கொட்டைகளைச் சிந்தும். பூவுக்கு இதழ் கிடையாது. பழுப்பு மஞ்சளில் சதைப்பற்றான சின்னக் குழல்கள் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக மொய்த்திருக்கும். மற்ற மரங்களில் தின்ன அதிகம் இல்லாத வறட்சி மாதங்களில் இது பூப்பதால், சோலைமந்தியும் கருமந்தியும் மலையணிலும் இந்தப் பூவைத் தேடி வரும். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும், வால் நுனியில் குஞ்சமுமாக இருப்பது சோலைமந்தி. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் கிடையாது. மரத்தடியில் கடித்துப் போட்ட பூக்கள் சிதறிக் கிடந்தால், சத்தம் போடாமல் காத்திருங்கள். கையில் தின்பண்டம் மட்டும் வேண்டாம். மணிமுத்தாறு அருவிப் பக்கம் நாட்டுக்குரங்குகளை நாம் என்ன ஆக்கி வைத்திருக்கிறோம் என்று பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பவற்றுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடக் கூடாது.

அட்டை. ஈரமான மாதங்களில் புல்லில் நிமிர்ந்து நின்று காத்திருக்கும், பிப்ரவரியில் நிழலான ஓரங்களில் மட்டும் இருக்கும். முழங்கால் வரை நீண்ட, நெருக்கமாக நெய்த காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிவிடுங்கள். புகையிலை ஊறிய தண்ணீரைக் காலுறையில் தடவுவது நம் ஊர் வழக்கம், பலன் உண்டு. கடித்துவிட்டால் தீக்குச்சி வைப்பதும் உப்புக் கொட்டுவதும் வேண்டாம். உள்ளே இழுத்ததைப் புண்ணிலேயே கக்கிவிடும். மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம், அதன் அடியில் நகத்தை விட்டு நகர்த்தினால் விட்டுவிடும். அப்புறம் ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், ஏனென்றால் அட்டையின் எச்சிலில் ரத்தத்தை உறைய விடாத பொருள் இருக்கிறது. மாமா சாப்பிடுகிற மாத்திரையும் அதே திசையில் வேலை செய்வதால் அவருக்கு இன்னும் நேரம் எடுக்கும். சுத்தமான பஞ்சை வைத்துப் பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அட்டைக்குப் பயந்து அவர் அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. போகுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, மருந்துச் சீட்டின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். அதைவிட, நனைந்த துணியில் காற்றடிப்பதுதான் நடுக்கம் தரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு, இன்னொரு ஜோடி காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். குடை காட்டில் தொந்தரவு. ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும், அத்தைக்கு அது கூடவே கூடாது. சாப்பாட்டைத் தூக்கில் கட்டிக்கொள்ளுங்கள், புளியோதரையும் துவையலும் போதும், சாப்பிட வாழை இலை. மேலே கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பிளாஸ்டிக்கைச் செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

வழியில் தேயிலைத் தோட்டம் வரும், எல்லாரும் இறங்கி அங்கேதான் போட்டோ எடுப்பார்கள். பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அந்தப் பச்சை காடு இல்லை, காட்டை வெட்டி வைத்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கருக்குள் போட்ட தோட்டம் அது. 2024-ல் தோட்ட வேலை நின்றது. நாலைந்து தலைமுறையாக அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் இறங்கிப் போக வேண்டி வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் இருந்த லைன் வீடுகள் கண்ணில் பட்டால் அவற்றின் முன் நின்று படம் எடுக்காதீர்கள். அவை பலருக்குத் தாய்வீடு.

அனுமதி கிடைக்கவில்லை என்றால் களக்காட்டில் விசாரியுங்கள். மேலே செங்கல்தேரியிலும் இதே மாதிரிப் பசுமைமாறாக் காடு, அதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அதுவும் இல்லையென்றால் அடிவாரத்தில் தலையணை என்ற தடுப்பணையில் பிள்ளைகளைக் குளிக்க விட்டுவிட்டு வாருங்கள், மலையை இன்னொரு மாதம் பார்த்துக்கொள்ளலாம். பொதிகை உச்சிக்குப் போக வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு ஆசை இருந்தால், கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து ஜனவரியில் தொடங்கும் நடைப்பயணத்துக்கு அவர் தனியாகப் பதிவு செய்து போகட்டும். குடும்பத்தோடு போகிற ஏற்றம் இல்லை அது.

இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுங்கள். சாயங்காலமானால் ரோடு யானைக்கு. கொசுவலையை வண்டியின் பின்கதவில் கட்டித் தொங்கவிட்டால் அம்பை வருவதற்குள் காய்ந்துவிடும்.