கேள்வி–பதில்: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு

கேள்வி: பெருங்குடலில் ஒரு பகுதியை எடுத்து ஒன்றரை மாதமாகிறது. சாப்பிட்டு எழுந்தாலே டாய்லெட்டுக்கு ஓடுகிறேன். பயத்தில் சாப்பாட்டையே குறைத்துவிட்டேன். சரியா?

பதில்: சரியில்லை. பட்டினி கிடந்தால் உடம்புதான் இளைக்கும், வயிற்றில் காற்றும் கூடும். மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. அதில் ஒரு துண்டு போய்விட்டதால் மீதி பழகும்வரை, சில வாரமோ சில மாதமோ, இளக்கமாகத்தான் போகும். வயிறு முட்டச் சாப்பிடாமல் ஐந்தாறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடுங்கள். தோல், விதை, வேகவைக்காத காய்கறியெல்லாம் டாக்டர் சரி என்ற பிறகு ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு. மொத்தமாக ஆரம்பித்தால் எது வம்பு செய்தது என்றே தெரியாது. காபியையும் காரத்தையும் தள்ளிவையுங்கள் (கஷ்டம்தான்). தண்ணீரைக் குறைக்காதீர்கள். அப்புறம், வாந்தி, காய்ச்சல், ரத்தம், வயிறு உப்பிக் காற்றுகூடப் பிரியாதது, இதில் ஒன்று தென்பட்டாலும் எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.